புதுச்சேரி வாசல்

சேதராப்பட்டிலிருந்து மயிலம் ரோட்டைப் பிடித்துத் திண்டிவனம் போய்த் திரும்பினால் செஞ்சிக் கோட்டை. தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு பைக்கில் கிளம்பிய நாட்கள் உண்டு. போகிறவர்களெல்லாம் ராஜகிரிதான் ஏறுவார்கள். சீராக்கிய படி, குரங்கு, உச்சியில் ஒரு செல்ஃபி. நான் போவது கீழ்க்கோட்டையின் கிழக்குப் பக்கம் இருக்கிற வாசலுக்கு. புதுச்சேரி வாசல் என்றுதான் அதற்குப் பெயர்.

அங்கிருந்து தெற்கே சந்திராயன் துர்க்கத்தை நோக்கி மதில் ஏறுகிறது. அந்தப் பக்கம் யாரும் பழுது பார்க்கவில்லை. தனியே போகக்கூடாது, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் முன்னால் நடப்பார். கையில் தொரட்டி. காரைமுள்ளை விலக்குவதற்கும் அதுதான், எனக்கு வழி காட்டுவதற்கும் அதுதான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். சில இடங்களில் கனம் 60 அடி. முழுசாக நிற்கும் இடத்தில் இது வெறும் எண். இடிந்த இடத்தில்தான் சங்கதி புரிகிறது: இரண்டு பக்கமும் கருங்கல் முகப்பு, நடுவில் கொட்டி நிரப்பிய மண்ணும் சல்லியும். ஆலம் வேர் ஒன்று முகப்பைப் பிளந்து, உள்ளே இருந்த செம்மண்ணைச் சரிய விட்டிருந்தது. பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஆப்பு இறக்கிக் கல்லை உடைக்கக் கல்தச்சன் போட்டவை. விரலை விட்டால் முதல் கணு வரை போகிறது. பெரும்பாறை குறுக்கிட்டால் மதில் அதையும் தன் கல்லாகச் சேர்த்துக்கொண்டு மேலே போய்விடுகிறது.

இந்த மதிலுக்கு வெளியே முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை காத்துக் கிடந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. கதவை வெடி வைத்துத் தகர்த்து, இருட்டிலேயே மூன்று மலைக்கும் ஏறிவிட்டார்கள். புதுச்சேரியில் அப்போது கவர்னர் டூப்ளே. பிடித்ததோடு சரி, வைத்திருப்பது சுலபமாக இல்லை. பத்து வருஷத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் இங்கே செத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் ஒரு சமயத்தில் நூறு பேருக்கு மேல் அவர்கள் நிறுத்தியதில்லை. அன்று கர்நாடகம் என்றழைத்த இந்தச் சீமையிலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று பேர் வாங்கிய ஊர் இது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, ஏப்ரலில் செஞ்சியும்.

நான் இதைச் சொல்லக் கேட்டு, “காய்ச்சல்லயா அத்தினி பேரும்?” என்றார் பெரியவர். சுனையில் முகம் கழுவிக்கொண்டிருந்த நான் சட்டென்று எழுந்துவிட்டேன். சிரித்தார்.

இறக்கத்தில் அவர் சொன்ன கல்லை விட்டு வேறொன்றில் கால் வைத்தேன். அது ஆடி உருண்டது. நானும் இரண்டு முழம் சறுக்கி, சப்பாத்திக்கள்ளிக்குக் கையைக் கொடுத்தேன். நிழலில் உட்கார வைத்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் இடம்பிடித்தது. இனி இங்கேயும் கைப்பிடி வரலாம். முள் குத்திய அந்த நேரத்தில்கூட எனக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை.

“தம்பி, பாண்டி பீச்சுல காந்தி சிலையச் சுத்தி நிக்கிறது எங்க ஊர்த் தூணாமே?”

“ஆமாய்யா. பிரெஞ்சுக்காரன் காலத்துல கொண்டு போனது.”

“நான் பாத்ததில்ல.” கடைசி முள்ளை எடுத்துத் தூரப் போட்டார். “நல்லா இருக்கா?”

“இருக்குய்யா. உப்புக்காத்துதான்.”