குடும்பத்துக்குக் காட்டுக் குடில் தேரும் முறை: ஆனைமலை, சீகூர், வயநாடு பகுதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் தங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அறையின் படங்களைப் பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்கிறார்கள். கட்டிலும் கண்ணாடிச் சன்னலும் இரவில் மூட்டும் தீயும் அந்தப் படங்களில் இருக்கும். குடிலுக்குப் பின்னால் உள்ள சரிவோ, மழையில் பெருகும் ஓடையோ, யானைத் தடமோ இருக்காது. நிலத்தை முதலில் பார்த்து, கட்டடத்தைப் பிறகு பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நட்சத்திர விடுதிகளையும் ஊட்டி, கொடைக்கானல் நகருக்குள் இருக்கும் லாட்ஜுகளையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. காட்டை ஒட்டியோ காட்டுக்குள்ளோ நிற்கும் குடில்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

2. தங்குமிடங்களின் வகைகள்

வனத்துறை ஓய்வு விடுதி, எஸ்டேட் பங்களா, பட்டா நிலத்துத் தனியார் காட்டேஜ், கூடாரம் என்று நான்கு வகைகளைச் சொல்லலாம்.

இவற்றுள் பழையது வனத்துறை விடுதி. பிரிட்டிஷ் ஆட்சியில் காட்டைச் சுற்றிப் பார்வையிட வரும் அதிகாரிகள் தங்குவதற்காக இத்தகைய விடுதிகள் எழுந்தன. பொள்ளாச்சிக்கு அருகே ஆனைமலையில் இருக்கும் டாப்சிலிப், வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கிவிட்டதால் அந்தப் பெயரைப் பெற்றது. அப்படி மொட்டையான காட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ உட்டின் கல்லறை அங்கேயே இருக்கிறது. டாப்சிலிப்பில் தங்கும் குடும்பம் அவர் மீட்ட மரங்களின் நிழலில்தான் நடக்கிறது. குழந்தைகளை அந்தக் கல்லறைக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டு வருவது நல்லது. கேரளத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்கும் சாலை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. ஆகவே இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாம்.

சிறு பிள்ளைகளோடு முதல் முறையாகக் காட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு வனத்துறை விடுதியே ஏற்றது என்பது என் முடிவு. அறை பழையதாக இருக்கும், சாப்பாடு எளிமையாக இருக்கும், மின்சாரம் போய்ப்போய் வரும். ஆனால் எந்த நேரத்தில் எது வரும் என்று தெரிந்த ஆட்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். ஒலிபெருக்கி அலறாது. அதனால்தான் மாலையில் புள்ளிமான்கள் விடுதி முற்றத்துக்கே வந்து மேய்கின்றன.

கூடாரம் குடும்பத்துக்கு வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். யானைக் காட்டில் துணிச் சுவர் ஒரு காப்பே அல்ல.

3. நிலம்

3.1 சரிவும் நீரும்

ஓடைச் சத்தம் கேட்கும் குடிலுக்கு வாடகை அதிகம். மழைக்காலத்தில் ஆபத்து அதிகமாக இருப்பதும் அங்கேதான். 2024 ஜூலை 30 பின்னிரவில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண்ணும் பாறையும் ஆற்று வழியாகவே இறங்கி ஊர்களை அடித்துச் சென்றன. உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தப்பிக்க நேரமே இல்லை. மலையை வெட்டிச் சமன் செய்த மேடையில் கட்டிய வீடு, பின்புறம் தடுப்புச் சுவர் இல்லாத வெட்டுச் சரிவு, இரு சரிவுகள் கூடும் பள்ளம் ஆகிய மூன்றையும் மழை மாதங்களில் தவிர்த்துவிட வேண்டும். செயற்கைக்கோள் வரைபடத்தில் பத்து நிமிடம் செலவிட்டாலே இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

3.2 யானைத் தடம்

நீலகிரியின் வடக்கே மசினகுடியை ஒட்டிய சீகூர்ப் பீடபூமி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் வலசை போகும் வழி. அங்கே விடுதிகள் பெருகின. தமிழ்நாடு அரசு 2010இல் அந்த வழியை யானை வழித்தடமாக அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. முன்பதிவுக்கு முன் பட்டா, கட்டட அனுமதி, வழித்தட எல்லை ஆகியவற்றைக் கேட்பது நமது உரிமை. பதில் சொல்லத் தயங்குபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். சட்டத்தை மீறிய கட்டடத்துக்கு நாம் கொடுக்கும் வாடகை, யானையின் வழியை அடைப்பதற்கும் சேர்த்துக் கொடுக்கும் பணம்.

வழித்தடத்தில் இல்லாத குடிலையும் யானை தேடி வரும். முற்றத்தில் பலா பழுத்திருந்தால் வரும். வாழை இருந்தால் வரும். சமையலறையில் அரிசியும் உப்பும் இருந்தால் சுவரை இடித்தும் எடுக்கும். ஆனைமலையில் உள்ள வால்பாறையில் ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் இப்படித்தான் உடைபட்டன. அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், வனத்துறையோடும் தோட்டத் தொழிலாளர்களோடும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். யானை நிற்கும் இடம் குறுஞ்செய்தியாக வரும். உயரத்தில் பொருத்திய சிவப்பு விளக்கும் எரியும். வால்பாறையில் எஸ்டேட் பங்களா பிடிப்பவர்கள், அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

4. காலம்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத் தீயின் பருவம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. அந்தப் பருவத்தில் வனத்துறை காட்டை மூடினால் அதைக் குறையாகச் சொல்லக் கூடாது. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. வால்பாறைப் பக்கம் அட்டை காலைக் கவ்வும். வடகிழக்கு மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் நல்ல நாட்கள். அரையாண்டு விடுமுறையும் அப்போதே வருவதால் முன்கூட்டியே பதிய வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது நினைவிருக்கட்டும்.

5. கட்டடம்

கட்டடத்தில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். கழிப்பறை அறையோடு சேர்ந்திருக்க வேண்டும். இருட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் நிலை வரக் கூடாது. கதவின் அடி இடைவெளியில் விரல் நுழைந்தால் பாம்பும் நுழையும். சுற்றிலும் புல் வெட்டியிருக்க வேண்டும். புதர்க்காய்ச்சலைப் பரப்பும் உண்ணிக் குஞ்சுகள் புல்லிலும் புதரிலும்தான் இருக்கின்றன. திரும்பி வந்த பிறகு காய்ச்சலும், உடலில் கருகிய சிறு புண்ணும் தெரிந்தால் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கரியடுப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிருக்காகக் கரி மூட்டிய சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்திகள் மலை ஊர்களிலிருந்து மீண்டும் மீண்டும் வருகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விடுதிக்காரர் அன்போடு கொண்டுவந்து வைத்தாலும் திருப்பி அனுப்பிவிட்டு, இன்னொரு கம்பளி கேளுங்கள்.

6. குடும்பம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வாந்தி எடுக்கும் குழந்தைக்கும் முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் பயணமே பாதி விடுமுறையைத் தின்றுவிடும். அவர்களோடு போகிறவர்களுக்கு டாப்சிலிப் சுலபம். நடக்க அதிகம் இல்லை; கோழிகமுத்தி முகாமில் பாகனும் அவருக்கு உதவியாளரான காவடியும் யானைக்குக் கவளம் உருட்டி ஊட்டுவதை எல்லா வயதினரும் பார்க்கலாம். ராகியையும் கொள்ளையும் வேகவைத்துப் பிசைந்து, ஒவ்வொரு யானைக்கும் அதன் அளவு அறிந்து உருட்டுகிறார்கள். அங்குள்ள பழங்குடி மக்களின் கை அறிவு அது. பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவில் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

7. காவலாளியிடம் ஒரு தொலைபேசி உரையாடல்

மேலே சொன்ன அனைத்தையும் சோதிக்க ஒரு கேள்வி போதும். முன்பதிவு அலுவலகத்தை விட்டுவிட்டு, குடிலில் இருக்கும் காவலாளியிடம் நேரடியாகப் பேசுங்கள்.

“அண்ணே, ராத்திரி யானை வருமா?”

“பயப்படாதீங்க சார், இங்க ஒண்ணும் வராது, ஜாலியா இருக்கலாம்” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். “போன வாரம் பலா மரத்துக்கு வந்துச்சு சார். ஆறரைக்கு மேல யாரும் வாசப்படி தாண்டக் கூடாது. பசங்கள மொதல்லயே சொல்லிக் கூட்டிட்டு வாங்க” என்று ஒருவர் சொன்னால் அங்கே பதிவு செய்யலாம். வனச் சோதனைச் சாவடியை மாலையில் அடைத்துவிடுவார்கள். எத்தனை மணிக்கு என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி வீட்டிலிருந்து கிளம்புங்கள்.