தோளில் சுமந்த குதிரை: பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட சிவகங்கை உழவர் படை

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட கப்பல், கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிரான தென்னகக் கிளர்ச்சியில் பிடிபட்ட 73 பேரைப் பினாங்குத் தீவுக்குக் கொண்டுசென்றது. சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களுள் இளையவரான சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவர். அந்தப் போரை இன்று நினைவுகூரும் ஓவியமும் திரைப்படமும் சுவரொட்டியும் பெரும்பாலும் பாயும் குதிரையையே முன்னிறுத்துகின்றன. ஆனால் சிவகங்கைச் சீமையின் படையில் மிகுந்திருந்தவர்கள் கண்மாய் நீரை நம்பி உழுது, அழைப்பு வந்தபோது வேலெடுத்து நடந்த காலாட்கள். அவர்களை உழவர்களாக அடையாளம் கண்டால்தான் பினாங்குத் தண்டனையின் முழுப் பொருளும் விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குதிரை யாருடையது?

பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் குதிரைகள் கடல் வழியாகவே வந்திறங்கின. அவற்றுள் பெரும்பாலானவை சரியான பராமரிப்பின்றி மாண்டன என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதினார். இந்தத் தட்டுப்பாடு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தீரவில்லை. 1772 ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், சீமையை மீட்க அவர் மனைவி வேலு நாச்சியார் தரப்பு மைசூரின் ஐதர் அலியிடம் கேட்ட உதவியில் குதிரைப்படை முதன்மையாக இருந்தது. சொந்த மண்ணில் குதிரைப்படை திரட்ட முடிந்திருந்தால் மைசூரை நாட வேண்டிய தேவை எழுந்திராது.

பாளையக்காரர்களிடம் குதிரையே இல்லை என்பதன்று நம் கூற்று. தலைவர்களிடம் குதிரைகள் இருந்தன. கிளர்ச்சிக் கூட்டணிக்கு வடக்கே கும்பினியை எதிர்த்த தூந்தாஜி வாக்கின் குதிரைப்படை நம்பிக்கையளித்தது. 1800 செப்டம்பர் 10 அன்று அவர் போரில் வீழ்ந்ததோடு அந்த நம்பிக்கையும் போயிற்று. மறு ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோது, வெளியேறிய வீரர்களைத் துரத்தியது கும்பினியின் குதிரைப்படை. ஆக, அந்தப் போரில் குளம்படி ஓசை நாட்டுப்புற உழவனின் காதுக்குப் பெரும்பாலும் பகைவன் வருகையையே அறிவித்தது.

நிலமே ஊதியம்

மறவர் சீமைகளில் படைப்பணிக்கு ஈடாக நிலம் விடும் வழக்கம் இருந்தது. அமரம் என்பது அதன் பெயர்களுள் ஒன்று. நிலத்தை அனுபவித்தவர் போர்க்காலத்தில் ஆயுதத்தோடு வந்து நிற்கக் கடமைப்பட்டவர். குதிரை வாங்கவும் கொள்ளு வைத்துப் பேணவும் வானம் பார்த்த பூமியின் வருவாய் எளிதில் இடங்கொடுக்காது. வேலும், எறியும் வளைதடியான வளரியும் ஊர்க் கொல்லனும் தச்சனும் செய்து தரக்கூடியவை. சின்ன மருதுவிடமே வேலெறியவும் வளரி வீசவும் கற்றதாகக் கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாமல் வளரி வீச முடியும் என்பது அவர் தரும் செய்தி.

நிலத்தின் இயல்பும் காலாளுக்கே துணைநின்றது. 1801 ஜூலை இறுதியில் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்கத் தொடங்கிய கும்பினிக் கர்னல் அக்னியூவின் படை, ஏறத்தாழ ஒரு மாதம் போராடியும் இலக்கை எட்டாமல் பின்வாங்கியது. முள்ளும் புதரும் மண்டிய அந்தக் காட்டை அறிந்தவர்கள் அதில் ஆடு மேய்த்தவர்களும் விறகு வெட்டியவர்களும்தாம். ஆயினும் அக்டோபரில் காளையார்கோவில் வீழ்ந்தது. அம்மாதம் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிக்கை ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. உழவையும் போரையும் இணைத்திருந்த முடிச்சு அவ்வறிவிக்கையால் அறுந்தது. அடுத்து வந்த ஜமீன்தாரி ஏற்பாட்டில் உழவன் வரி கட்டும் குடியானவன் மட்டுமே.

கடலுக்கு அப்பால்

நிலத்தையே ஊதியமாகப் பெற்றவனுக்கு நாடு கடத்தல் சிறையினும் கொடியது. உள்ளூர்ச் சிறையில் இருப்பவனுக்குத் தன் வயல் எட்டும் தொலைவில் இருக்கிறது. அவன் மீண்டு வந்து ஏர் பூட்டலாம். கும்பினி அந்த வழியை அடைத்தது. 1786-இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய பினாங்குக் குடியேற்றத்தில் சோழிய வணிகரும் தமிழ்க் கூலிகளும் முன்பே இருந்தனர். பிழைக்க வந்த அவர்களுக்கு ஊர் திரும்பும் காலம் என்று ஒன்று உண்டு. கைதிக்கு அது இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டை செங்கல்லும் கல்லுமாக எழுந்ததும் இந்தியக் கைதிகளின் உழைப்பால்தான்.

1818-இல் பினாங்குக்கு வந்த வெல்ஷ், துரைசாமியை அங்கே கண்டார். தூத்துக்குடியில் தாம் பார்த்த இளைஞன் பதினாறே ஆண்டுகளில் முதியவன்போலத் தளர்ந்திருந்ததை அவர் பதிவு செய்கிறார். போரில் பட்ட காயம் ஒருவனை அவ்வாறு உருக்குலைப்பதில்லை. வேர் பறித்த வாழ்வே உருக்குலைத்தது என்று கொள்வது பொருந்தும்.

மண் குதிரையின் சான்று

அப்படியானால் வீரனைக் குதிரையில் ஏற்றும் கற்பனை பொய்யா? அன்று. அதன் இடம் வேறு. சிவகங்கைப் பகுதி ஊர்களில் புரவி எடுப்புத் திருவிழா இன்றும் நடக்கிறது. ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் அதைப் பெற்று மண் குதிரை வனைவார். சுட்டு வண்ணம் தீட்டிய புரவியை ஆடவர் தோளில் தூக்கி, வரப்பும் கண்மாய்க் கரையும் கடந்து அய்யனார் கோயிலில் வைப்பர். மலேசியத் தோட்டங்களுக்குப் பின்னாளில் சென்ற தமிழரும் வெள்ளைக் குதிரையேறும் மதுரை வீரனை உடன் கொண்டுசென்றனர். காவல் தெய்வத்துக்கே குதிரை உரியது. உழவன் தான் ஏறாத அதைத் தெய்வத்துக்குக் கொடையாக அளித்தான்.

எனவே 1802-இன் பினாங்குக் கைதிகளுக்கு ஜார்ஜ் டவுனில் என்றேனும் ஒரு நினைவுச் சின்னம் எழுமானால், அதில் குதிரை இடம்பெறுவதில் தவறில்லை. அந்தக் குதிரை அவர்களின் தோள்மேல் இருக்க வேண்டும்.