பேச்சு வாய்க்காதோரின் மொழி: ஒரு வரலாற்றுப் படிப்பினை

சார்லஸ் பிளிஸ் 1897ஆம் ஆண்டு, அந்நாளைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிட்ஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பன்மொழியினர் பகைமை பாராட்டிய சூழலில் வளர்ந்த அவர், சொற்களே மனிதரைப் பிரிக்கின்றன எனக் கருதலானார். 1938இல் நாசிகள் அவரைச் சிறைப்படுத்தி, டாக்காவ், பூக்கன்வால்ட் முகாம்களில் அடைத்தனர். விடுதலைக்குப்பின் ஷாங்காய் சேர்ந்த அவர், ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காத சீனரும் ஒரே எழுத்தைப் படித்துப் பொருள் கொள்வதைக் கண்டார். ஒலியை விடுத்துப் பொருளையே காட்டும் குறியீட்டு மொழியொன்றை ஆக்க முற்பட்டார். அதில் இதயவடிவம் உணர்வைக் குறிக்கும். மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துயரம். ஆஸ்திரேலியாவில் குடியேறி, 1949இல் அதனை நூலாக வெளியிட்டார். உலக சமாதானத்திற்கென அமைந்த அம்மொழியை உலகம் பொருட்படுத்தவில்லை.

1971இல் கனடாவின் டொரான்டோ நகரில், பெருமூளை வாதத்தால் பேச இயலாத சிறுவர்க்குக் கற்பித்துவந்த ஷர்லி மக்நாட்டனும் உடன்பணியாளரும் அம்மொழியைக் கண்டெடுத்தனர். 'ஆம்', 'இல்லை' என்னும் சைகைகள் பிறர் வினாவுக்கு விடையளிக்க மட்டுமே உதவும். குறியீட்டுப் பலகையோ, அச்சிறுவர் கையாலோ கண்ணாலோ சுட்டித் தாமே வாக்கியம் அமைக்கவும், வினா எழுப்பவும் வழிசெய்தது. சிந்தனை அவர்களிடம் முன்னரே இருந்தது, வாயில்தான் அடைபட்டிருந்தது.

செய்தியறிந்த பிளிஸ் பெருமகிழ்ச்சியுற்றார். ஆனால் தம் குறியீடுகளை ஆசிரியர்கள் திரித்துவிட்டனர் என்று பின்னர் கடிந்துகொண்டார். நெடுங்காலம் நீடித்த பிணக்கு 1982இல் உடன்படிக்கையால் தீர்ந்தது. 1985இல் அவர் காலமானார். ஆக்கியோன் தன் மொழியின் தூய்மையை நாடினான். சிறுவரோ தம்மைப் பிறர் புரிந்துகொள்வதையே நாடினர். மொழி, அதனை ஆக்கியவனைவிட, அதனால் வாய் திறப்பவனுக்கே மிகுதியும் உரியதன்றோ?

இன்று குரலெழுப்பும் மின்கருவிகளும் கண்ணசைவால் இயங்கும் கணினிகளும் வந்துள்ளன. எனினும், ஒரு வாக்கியம் முடியுமளவும் காத்திருக்கும் பொறுமையை எந்தக் கருவியும் கேட்பவனுக்கு அளிப்பதில்லை. இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் ஆயர், ஊனமுற்ற பிள்ளையை முன்னிருத்திக்கொண்டே, "பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்று தாயிடம் வினவுவது நம் வழக்கம். அவ்வினாவைப் பிள்ளையிடமே கேட்டு, விடை வருமட்டும் அமர்ந்திருத்தல் நமது முதற்கடன்.