வளவு

வளவு (பெயர்ச்சொல்): வீடும் கிணறும் மரங்களும் சேர்ந்த, வேலியோ மதிலோ அடைத்த குடியிருப்பு நிலம். ‘வளை’ என்ற வினையின் வழி வந்தது. வளைத்து அடைத்தது வளவு. செட்டிநாட்டில் இச்சொல் வீட்டுக்குள்ளேயே நின்று, முற்றத்தைச் சுற்றிய பகுதியைக் குறிக்கிறது. சிங்களத்தில் ‘வலவ்வ’ என்றால் பெருங்குடியினர் மாளிகை.

மட்டக்களப்பில் வளவு பெண்ணுக்குரியது. மகளின் கல்யாணத்துக்கு வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றோர் பக்கத்தில் வேறு வீடு கட்டி ஒதுங்குவார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஒரே வளவு இப்படித்தான் அக்கா வீடு, தங்கச்சி வீடு என்று பிரிந்தது. தாய்வழி உரிமையை வைத்து எழுந்த, இப்பகுதி முக்குவர் சமூகத்தின் சட்டத்தை 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ நூலாக்கினார். பின்னாளில் அந்தச் சட்டம் வழக்கொழிந்தது. சீதன வழக்கம் ஒழியவில்லை.

ஆகவே மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலோ கோட்டைமுனையிலோ ஒரு பழைய வீட்டின் கதையைத் தேடுகிறவர் தகப்பன் பெயரைப் பிடித்துப் போனால் ஒரு தலைமுறையிலேயே வழி தவறிவிடுவார். அம்மா, அம்மம்மா, அவருடைய தாய் என்று போக வேண்டும். காணி உறுதியில் நான்கு எல்லைகளையும் கவனியுங்கள். வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஒழுங்கை என்று எழுதியிருக்கும். அயல் உறுதிகளையும் சேர்த்து வாசித்தால் மறைந்துபோன தெரு ஒன்று முழுதாகத் தெரியவரும்.

1978 சூறாவளி, போர், 2004 கடற்கோள் எல்லாம் கண்ட மாவட்டம் இது. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய உறுதி இருந்தால், இன்றைக்கே படியெடுத்து வையுங்கள்.