சென்ட்ரோஸ் வழக்கும் எல்லை தாண்டிய நிறுமப் பதிவும்

சென்ட்ரோஸ் வழக்கு என்பது, ஒரு நாட்டில் தொழில் நடத்த விரும்புபவர் தம் நிறுமத்தை (கம்பெனியை) வேறொரு நாட்டில் பதிவு செய்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 1999 மார்ச் 9 அன்று விடையளித்த வழக்காகும். இத்தீர்ப்பு ஐரோப்பிய நாடுகளின் நிறுமச் சட்டங்களில் பெரும் மாற்றங்களுக்கு வழிவகுத்தது.

பின்னணி

வரையறுத்த பொறுப்புடைய நிறுமம் கடனில் மூழ்கினால், பங்குதாரர் தாம் இடுவதாக ஒப்புக்கொண்ட பங்குத் தொகையை மட்டுமே இழப்பார். அவருடைய வீட்டையோ சேமிப்பையோ கடனீந்தோர் கேட்க முடியாது. பிரிட்டன் 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இச்சலுகையைப் பரவலாக்கியது. 1896இல் வெளியான சாலமன் வழக்குத் தீர்ப்பு, நிறுமம் வேறு, உரிமையாளர் வேறு என்பதை உறுதிசெய்தது. சிறு தொழில்களுக்கு ஏற்ற ஜிஎம்பிஎச் என்னும் நிறும வகையை ஜெர்மனி 1892இல் சட்டமாக்கியது.

இச்சலுகைக்கு ஈடாக ஐரோப்பாவின் பல நாடுகள் குறைந்தபட்ச மூலதனம் கேட்டன. கடனீந்தோருக்கு அது ஒரு காப்பு என்பது அவற்றின் வாதம். டென்மார்க்கில் இத்தொகை 2,00,000 குரோனர். பிரிட்டனிலோ தனியார் நிறுமத்துக்கு அப்படி எந்தத் தொகையும் விதிக்கப்படவில்லை.

வழக்கு

டென்மார்க்கில் வசித்த ஒரு தம்பதியர் 1992 மே மாதம் பிரிட்டனில் ‘சென்ட்ரோஸ் லிமிடெட்’ என்னும் நிறுமத்தைப் பதிவு செய்தனர். அதன் மூலதனம் 100 பவுண்டு. அத்தொகையும் செலுத்தப்படவில்லை. பதிவு அலுவலகமாகக் காட்டப்பட்டது ஒரு நண்பரின் வீடு. பிரிட்டனில் அந்நிறுமம் எந்த வணிகமும் செய்யவில்லை. அதன் கிளையை டென்மார்க்கில் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது, நிறுமப் பதிவு வாரியம் மறுத்தது. கிளை என்ற பெயரில் முழுத் தொழிலையும் டென்மார்க்கில் நடத்தி, 2,00,000 குரோனர் விதியிலிருந்து தப்புவதே நோக்கம் என்று வாரியம் கூறியது. நோக்கம் அதுவே என்பதைத் தம்பதியரும் மறைக்கவில்லை.

மேல்முறையீட்டில் டென்மார்க் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. கட்டுப்பாடு குறைந்த உறுப்பு நாட்டைத் தேர்ந்து நிறுமம் தொடங்குவது மட்டுமே உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்ட்ரோஸ் ஆங்கிலேயச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுமம் என்பது கடன் கொடுப்பவருக்குத் தெரியும். வேண்டுமானால் அவர் தனிப் பிணை கேட்கலாம் என்பதும் அதன் கருத்து. மோசடியைத் தடுக்கும் அதிகாரம் மட்டும் நாடுகளிடம் விடப்பட்டது.

தொடர்ந்த தீர்ப்புகள்

நிறுமத்தின் நிர்வாகம் எங்கு நடக்கிறதோ அந்நாட்டின் சட்டமே அதற்குப் பொருந்தும் என்பது ஜெர்மனியின் கொள்கை. இதன்படி, நெதர்லாந்தில் பதிவான ஊபர்சீரிங் நிறுமத்தின் பங்குகளை ஜெர்மானியர் இருவர் வாங்கியபின், வழக்குத் தொடுக்கும் தகுதியே அதற்கில்லை என்று ஜெர்மன் நீதிமன்றங்கள் கூறின. டுசெல்டார்ஃப் நகரில் நடந்த குறைபாடான பெயிண்ட் வேலைக்கு இழப்பீடு கேட்டு அந்நிறுமம் வழக்காடிக்கொண்டிருந்தது. அதன் சட்டத் தகுதியை ஏற்க வேண்டும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2002இல் கூறியது. அயல்நாட்டில் பதிவான நிறுமங்களிடமும் குறைந்தபட்ச மூலதனம் கேட்ட நெதர்லாந்துச் சட்டம், 2003இல் இன்ஸ்பயர் ஆர்ட் வழக்கில் தோற்றது.

விளைவுகள்

ஜெர்மனியில் தொழில் நடத்திய பலர் பிரிட்டனில் நிறுமம் பதிவு செய்தனர். நாடுகள் தம் விதிகளைத் தளர்த்தின. பிரான்ஸ் 2003இல் ஒரு யூரோ மூலதனத்தை அனுமதித்தது. ஜிஎம்பிஎச் வகைக்கு 25,000 யூரோ கேட்டுவந்த ஜெர்மனி, 2008இல் ஒரு யூரோவில் தொடங்கக்கூடிய துணை வகையை உருவாக்கியது. ஆனால் மூலதனம் 25,000 யூரோவை எட்டும்வரை ஆண்டு இலாபத்தில் கால் பங்கை அது ஒதுக்கிவர வேண்டும். டென்மார்க் 2014இல் ஒரு குரோனில் தொடங்கும் வகையைக் கொண்டுவந்தது. வரிப் பாக்கியும் முறைகேடும் மிகுந்ததாகக் கூறி 2019இல் அதை நீக்கியது.

பிரெக்சிட்டுக்குப் பின்

இத்தீர்ப்புகள் அனைத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழில் நிறுவும் சுதந்திரத்தை அடிப்படையாகக் கொண்டவை. பிரிட்டன் வெளியேறி, இடைக்காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்ததும் அந்த அடிப்படை இல்லாமற்போனது. ஜெர்மனியிலிருந்து நிர்வகிக்கப்படும் பிரிட்டன் நிறுமத்தை இனி வரையறுத்த பொறுப்புடையதாக ஏற்க இயலாது என்ற நிலைப்பாட்டை முனிச் மேல்நிலை நீதிமன்றம் 2021இல் எடுத்தது. ஒருவரே பங்குதாரரானால் அவர் தனிவணிகர், பலரானால் கூட்டாளிகள். இரு நிலையிலும் கடனுக்கு அவர்களின் சொந்தச் சொத்து பொறுப்பாகும். இந்நிலையைத் தவிர்க்க, ஜெர்மன் நிறுமத்துடன் இணைந்துகொள்ளும் வழியை ஜெர்மனி 2019இலேயே திறந்து வைத்திருந்தது.

பதிவுச் சான்றிதழை ஒரு நாடு வழங்கினாலும், அது தரும் பாதுகாப்பு தொழில் நடக்கும் நாட்டின் ஏற்பைப் பொறுத்தது. அயல்நாட்டில் நிறுமம் தொடங்கும் தொழில்முனைவோர் பதிவுக் கட்டணத்துக்கும் மூலதனத் தொகைக்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியது இதையே.