கல்லில் நின்ற ஆட்டம்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில், உட்சுவரைச் சுற்றி ஓடும் இருண்ட வழியிலே சிவபெருமான் நாட்டியம் ஆடுகிறார். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில் 81 அங்கே உருப்பெற்றிருக்கின்றன. மீதி 27க்கும் கல் பதித்து வைத்திருக்கிறார்கள், உளி படவில்லை.

கரணம் என்பது வெறும் நிலை அன்று. கையும் காலும் உடலும் கூடி இயங்கும் இயக்கம். கல் இயங்குமா? சிற்பி அந்த ஓட்டத்தில் ஒரு கணத்தைத்தான் பிடித்து நிறுத்த முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளது ஆடிப் பழகிய உடம்புக்கே தெரியும்.

அந்த உடம்புகளுக்கு உரியவர்கள் யார்? கோயில் மதிலின் வெளிப்புறக் கல்வெட்டு சொல்கிறது. 1010இல் விமானத்துக்குக் கலசம் ஈந்த ராஜராஜன், சோழநாட்டுக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: திருவையாற்றிலிருந்து வந்த சேரமங்கை. இப்படியே வீடு வீடாகப் பெயர்கள். ஆனால் அவர்களில் ஒருத்திக்கும் மேல்தளத்தில் உருவம் இல்லை.

பிற்காலத்தில் எழுந்த சிதம்பரம் கீழைக் கோபுர வாசலிலோ 108 கரணங்களையும் பெண்களே ஆடுகிறார்கள். அங்கே கரணத்தின் இலக்கணத்தை எழுதி வைத்தார்கள். ஆடுகிறவளின் பெயரை எழுதவில்லை.

பெயர் ஓரிடம், உருவம் ஓரிடம். இரண்டையும் சேர்க்க வழியில்லை. தஞ்சையின் அந்த 27 வெற்றுக் கற்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சேரமங்கையின் நினைவுதான் வருகிறது.