பன்னிரண்டு ஏடுகளின் ஞாபகம்

டெபியன் வமிசத்து லினக்ஸ் கணினிகள், தம்மிடம் எந்த மென்பொருள் எந்த நாளில் வந்து சேர்ந்தது, எது புதுப்பிக்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்னும் விருத்தாந்தங்களையெல்லாம் டி-பேக்கேஜ் லாக் என்ற கோப்பில் வரிவரியாக எழுதி வைத்துக்கொள்கின்றன. நாள், மணி, செய்த காரியம், பொதியின் பெயர், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, ஒரு காரியத்தைப் பதியும் வரி இவ்வளவே. முதன்முறையாக வரும் பொதிக்குப் பழைய பதிப்பு ஏது? அவ்விடத்தில் கோண அடைப்புக்குள் ‘நன்’ என்று போட்டிருக்கும்.

இத்தகைய ஏடுகளை எத்தனை காலம் காப்பது என்ற பிரச்னை லினக்ஸுக்கும் முற்பட்டது. 1980-களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் தம்முடைய சென்ட்மெயில் தபால் நிரலுக்குத் துணையாக இயற்றிய சிஸ்லாக், நாளடைவில் யூனிக்ஸ் உலகுக்கே கணக்கப்பிள்ளையாகிவிட, வட்டில் இடம் அரிதாயிருந்த அந்நாளில், பழைய ஏட்டுக்குப் பெயர் மாற்றி அதனினும் பழையதை அழிக்கும் சிறு ஸ்கிரிப்டுகளை எழுதி, இரவில் அவற்றை எழுப்பிவிடும் பொறுப்பைக் கிரான் என்ற நேரக் காவலனிடம் ஒப்படைத்துவிட்டு நிர்வாகிகள் உறங்கப் போனார்கள். பிறகு 1990-களின் நடுவில், மார்க் யூயிங்குடன் சேர்ந்து ஆர்பிஎம் என்ற பொதி கட்டும் கருவியை உருவாக்கிய எரிக் ட்ரோன், ரெட்ஹாட் நிறுவனத்தில் இருந்தபோது, இந்த ஏடு கழிக்கும் வேலைக்கென்றே லாக்ரொட்டேட்டை எழுதினார். பொதிகளைக் கட்டும் விஷயத்தில் தனி வழியே சென்ற டெபியன், ஏடு கழிக்கும் விஷயத்தில் மட்டும் அந்த வீட்டுக் கருவியைச் சங்கோசமின்றி எடுத்துக்கொண்டது எனக்கு எப்போதும் ரசமான செய்தி.

டெபியனில் லாக்ரொட்டேட் டி-பேக்கேஜ் ஏட்டை நடத்தும் விதம் இது: மாதம் பிறந்ததும் நடப்பு ஏடு 1 என்ற எண்ணைப் பெறும். முன்பு 1 ஆக இருந்தது ஜிஸிப்பால் சுருக்கப்பட்டு 2 ஆகும். இவ்விதம் ஒவ்வொன்றும் ஒரு படி நகர, 12 ஆக இருந்தது மறைந்துபோகும். பொதுவான லாக்குகளுக்கு வாரக் கணக்கில் 4 ஏடுகளே என்றிருக்க, மெல்ல வளரும் இந்த ஏட்டுக்கு இவ்வளவு தாராளம் காட்டியது நியாயந்தான். ஆயினும் 12 ஏடு என்றால் 12 மாதம் என்று எண்ணிவிடலாகாது. வெற்று ஏட்டைச் சுழற்றாதே என்ற விதியும் உடனிருப்பதால், நிர்வாகி அபூர்வமாகவே எட்டிப்பார்க்கும் கணினியில் அந்தப் பன்னிரண்டும் பல வருஷத்துச் சரித்திரத்தைச் சொல்லக்கூடும். அனுதினமும் புதுப்பிக்கப்படும் கணினியிலோ, ஓராண்டுக்கு அப்பால் விசாரிப்பவன் வெறுங்கையோடு திரும்புவான்.

இவ்விதிகள் எழுதப்பட்ட கோப்பில் 12 என்பதை 60 ஆக்கினால் ஐந்து வருஷமாவது நிற்கும். கிழிந்த பஞ்சாங்கம் எதற்கு என்பாருக்கு, இத்தனை நாளைக்கு மேற்பட்டதை அழி என்னும் மாக்ஸேஜ் விதி இருக்கிறது. பொதிகளைத் தருவிக்கும் ஆப்டின் சொந்த ஏடுகளுக்குச் சாசனம் வேறு கோப்பில் இருப்பதை மறந்து, இதை மட்டும் திருத்திவிட்டு நிம்மதியடைகிறவர்கள் உண்டு. இத்தனைக்கும் நடுவில், கணினி முதன்முதலாக நிறுவப்பட்ட நாளின் குறிப்புகள், லாக் அடைவிலேயே இன்ஸ்டாலர் என்ற தனி அறையில், எந்தச் சுழற்சியின் கையும் படாமல் கிடக்கின்றன.